டேப் ஃபிளேஞ்சிங்: அது என்ன, வீட்டுக் கணினியில் அதை எப்படிச் செய்வது?

ஃபிளேஞ்சிங் என்பது ஒரே ஒலியின் இரண்டு நகல்களை, மாறிக்கொண்டே இருக்கும் ஒரு சிறு தாமதத்தோடு கலந்து, ‘ஷூ’ என்று ஏறி இறங்கும் சத்தத்தை உண்டாக்குவது. வீட்டில் ஒலிப்பதிவு செய்பவர்களிடையே அதைப் பற்றிப் பேச்சு வந்தால் ஒரு யோசனை தவறாமல் வரும்: ஒரு ஃபிளேஞ்சர் பிளக்இன் (ஒலி மென்பொருளில் சேர்க்கும் துணை நிரல்) போடு, ஃபீட்பேக்கைக் கூட்டு, மேலே கொஞ்சம் டேப் இரைச்சல் சேர், 1960-களின் சத்தம் வந்துவிடும். செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும், வராது. வருவது ஒரே சீராக மேலும் கீழும் சுழன்றுகொண்டே இருக்கும் ஒரு சத்தம். அந்தக் காலப் பதிவுகளில் நடப்பது வேறு. பாட்டு முழுவதும் மெல்ல மேலே இழுபட்டு, உச்சியில் அந்தச் சுழற்சியே காணாமல் போய், பிறகு மறுபடி கீழே இறங்கும்.

இந்த வித்தியாசத்துக்குக் காரணம் டேப்பின் தனிக் குணம் என்று பலர் நினைக்கிறார்கள். அதனால் டேப்பின் ஒலியைப் போலச் செய்யும் பிளக்இன்களைத் தேடி வாங்குகிறார்கள். உண்மையான காரணம் அதைவிட எளிமையானது. ஒரே பதிவின் நகல்களோடு இரண்டு டேப் இயந்திரங்கள் ஓடும்போது எது வேண்டுமானாலும் மற்றதை முந்தலாம். சாதாரண ஃபிளேஞ்சரில் நகல் எப்போதும் பின்னால்தான் வரும், முந்தவே முடியாது. இது ஒன்று புரிந்துவிட்டால் போதும், இலவச மென்பொருளிலேயே அந்தச் சத்தத்தை எடுத்துவிடலாம்.

## முதலில் காதுக்கு

1959-ல் டோனி ஃபிஷர் பாடிய ‘தி பிக் ஹர்ட்’ என்ற அமெரிக்கப் பாடலைக் கேளுங்கள். பாட்டு முழுக்க ஒரு ‘ஷூ’ ஏறி இறங்குவது தெளிவாகத் தெரியும். அப்புறம் 1967-ல் ஸ்மால் ஃபேசஸ் குழு லண்டனின் ஒலிம்பிக் ஸ்டுடியோவில் பதிந்த ‘இச்சிக்கூ பார்க்’. அதில் டிரம்ஸ் உருண்டு வரும் இடங்களில் மட்டும் அது வரும். இரண்டும் டேப் காலத்துப் பதிவுகள், காலால் அழுத்தி இயக்கும் பெடல் ஃபிளேஞ்சர்கள் கடைக்கு வருவதற்குப் பல ஆண்டுகள் முந்தையவை.

இதே சத்தத்தைக் கருவி எதுவும் இல்லாமலும் கேட்கலாம். மொட்டை மாடியில் நிற்கும்போது ஜெட் விமானம் தலைக்கு மேலே கடந்தால், அதன் இரைச்சலுக்குள் ஒரு ‘ஷூ’ மெல்லக் கீழே இறங்கும். விமானம் நேர் மேலே வந்ததும் அது அடிமட்டத்தைத் தொடும். விமானம் விலகிப் போகப் போக மறுபடி ஏறும். காரணம், அந்த இரைச்சல் உங்கள் காதுக்கு இரண்டு வழியில் வருகிறது. ஒன்று நேராக. மற்றொன்று சிமென்ட் தரையில் பட்டு, கொஞ்சம் தாமதமாக. உங்கள் காது தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் இருந்தால், விமானம் நேர் மேலே உள்ளபோது இரண்டாவது வழி 3 மீட்டர் கூடுதல். ஒலி வினாடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும் என்பதால் தாமதம் ஏறத்தாழ 8.7 மில்லி வினாடி. அந்த நேரத்தில் அப்படியே குந்தி உட்கார்ந்து பாருங்கள். காது பாதி உயரத்துக்கு வருகிறது, தாமதமும் பாதியாகிறது, இரைச்சலுக்குள் கேட்ட சுருதி ஒரு ஸ்தாயி மேலே போகிறது.

இது புதிய கண்டுபிடிப்பு இல்லை. பிரான்ஸின் ஷான்டிலி மாளிகைத் தோட்டத்தில் நீரூற்றின் இரைச்சல் கல் படிக்கட்டுகளில் பட்டுத் திரும்பும்போது அதில் ஒரு சுருதி கேட்பதை டச்சு அறிவியலாளர் கிறிஸ்டியான் ஹைகன்ஸ் 1693-லேயே எழுதி வைத்திருக்கிறார்.

ஆக, ஃபிளேஞ்சிங்குக்கு வேண்டியது இரண்டே பொருள்: ஒரே ஒலியின் இரண்டு நகல்கள், அவற்றுக்கு நடுவே மாறிக்கொண்டே இருக்கும் ஒரு சிறு தாமதம்.

## தாமதம் ஏன் ஒலியைச் செதுக்குகிறது?

ஒரே ஒலி இரண்டு முறை வந்தால் சத்தம் கூடத்தானே வேண்டும், சுருதி ஏன் மாறுகிறது? இதற்கு ஊஞ்சல் போதும்.

மரக்கிளையில் நீளக் கயிற்றில் கட்டிய ஊஞ்சல் ஒன்று. அது போய்த் திரும்ப 4 வினாடி. பக்கத்தில் கயிறு குட்டையான ஊஞ்சல் ஒன்று, போய்த் திரும்ப 2 வினாடி. இரண்டும் அசையாமல் நிற்கும்போது ஒவ்வொன்றையும் ஒரு தட்டுத் தட்டுங்கள். சரியாக 2 வினாடி கழித்து, அதே திசையில், அதே பலத்தில் இன்னொரு தட்டு. குட்டை ஊஞ்சல் ஒரு முழுச் சுற்றை முடித்து மறுபடி முன்னோக்கிக் கிளம்பும் நேரம் அது. இரண்டாவது தட்டு அதற்குத் துணையாக விழும், வீச்சு கூடும். நீள ஊஞ்சலோ அப்போது பாதிச் சுற்றில் இருக்கும், உங்களை நோக்கி வந்துகொண்டிருக்கும். அதன் மேல் விழும் தட்டு எதிர்த்து நிற்கும், ஊஞ்சல் அங்கேயே நின்றுவிடும்.

தட்டியது ஒரே மாதிரிதான், இடைவெளியும் ஒன்றுதான். ஆனால் ஒன்று இரட்டிப்பானது, ஒன்று செத்துப்போனது. ஒலிக்கும் இதே கதைதான். இசையில் தடித்த சுருதி முதல் மெல்லிய சுருதி வரை ஆயிரக்கணக்கான அதிர்வுகள் சேர்ந்தே வருகின்றன. ஓர் அதிர்வு வினாடிக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்பதுதான் அதன் அதிர்வெண், அதை ஹெர்ட்ஸில் சொல்வார்கள். தாமதம் எல்லா அதிர்வுகளுக்கும் ஒன்றுதான். ஆனால் அந்தத் தாமதம் சில அதிர்வெண்களுக்கு முழுச் சுற்று, சிலவற்றுக்குப் பாதிச் சுற்று. முழுச் சுற்று என்றால் இரட்டிக்கும், பாதி என்றால் அழியும்.

எண்ணில் பார்க்கலாம். தாமதம் 1 மில்லி வினாடி என்று வையுங்கள். 1000 ஹெர்ட்ஸுக்கு ஒரு சுற்று என்பதே 1 மில்லி வினாடி, எனவே அது இரட்டிக்கும். 500 ஹெர்ட்ஸுக்கு அது பாதிச் சுற்று, எனவே அழியும். 1500-க்கு ஒன்றரைச் சுற்று, அதுவும் அழியும். 2000 கூடும், 2500 அழியும். இப்படியே மேலே போகும். இதை வரைபடமாகப் போட்டால் ஒரே இடைவெளியில் பள்ளங்கள் வரிசையாக நிற்கும், சீப்புப் பல் போல. அதனால்தான் இதற்குக் கோம்ப் ஃபில்டர் என்று பெயர்.

ஒரே ஒரு சூத்திரத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும். 500-ஐத் தாமதத்தால் (மில்லி வினாடியில்) வகுத்தால் முதல் பள்ளம் இருக்கும் இடம் கிடைக்கும். 5 மில்லி வினாடி என்றால் 100 ஹெர்ட்ஸ். அதற்கு மேல் 200 ஹெர்ட்ஸுக்கு ஒரு பள்ளம், நெருக்கமாக. 0.1 மில்லி வினாடி என்றால் 5000 ஹெர்ட்ஸ். அடுத்தது 15,000. காதுக்குக் கேட்கும் எல்லைக்குள் இரண்டே பள்ளம். 0.025 மில்லி வினாடிக்கு வந்தால் முதல் பள்ளமே 20,000 ஹெர்ட்ஸில், அதாவது நம் செவியின் விளிம்பில். அதற்கும் கீழே போனால் பள்ளம் எதுவும் கேட்காது. ஒலி முழுதாக, நிறைவாக நிற்கும்.

சுருக்கமாக: தாமதம் குறையக் குறையப் பள்ளங்கள் மேலே ஏறும், ஒன்றுக்கொன்று விலகும், ஒவ்வொன்றாகக் காதின் எல்லையைத் தாண்டி வெளியேறும். தாமதம் கூடினால் அவை திரும்ப இறங்கி நெருக்கும். அந்த நகர்வைத்தான் ‘ஷூ’ என்று கேட்கிறோம்.

## டேப்பில் உண்மையில் நடந்தது

ஸ்டுடியோ டேப் இயந்திரங்களின் வழக்கமான வேகம் வினாடிக்கு 15 அங்குலம், ஏறத்தாழ 38 சென்டிமீட்டர். அந்த வேகத்தில் 1 மில்லி வினாடி என்பது டேப்பில் 0.38 மில்லிமீட்டர். தடித்த அட்டையின் கனம்கூட இல்லை. அதனால்தான் இந்த வேலைக்கு விரல் நுனியே போதுமானதாக இருந்தது.

ஒரே பதிவின் இரண்டு நகல்களை இரண்டு இயந்திரங்களில் ஏற்றி, ஒன்றாக ஓடவிட்டு, இரண்டின் ஒலியையும் கலந்து மூன்றாவது இயந்திரத்தில் பதிவார்கள். ஓடும்போது ஒரு ரீலின் விளிம்புத் தட்டை விரலால் லேசாக அழுத்துவார்கள். அந்த விளிம்புக்குத்தான் ஃபிளேஞ்ச் என்று பெயர். அழுத்திய இயந்திரம் மிகச் சிறிதளவு மெதுவாகி, பின்தங்கும்.

இங்கே பலரும் கவனிக்காத ஒரு விஷயம் இருக்கிறது. விரலை எடுத்தால் என்ன ஆகும்? இரண்டு டேப்பும் மறுபடி ஒன்றுசேர்ந்துவிடும் என்று தோன்றும். சேராது. விரலை எடுத்ததும் வேகம்தான் பழையபடி ஆகிறது, ஏற்கனவே பின்தங்கிய தூரம் அப்படியே நிற்கிறது. 3 மில்லி வினாடி பின்தங்கியிருந்தால் 3 மில்லி வினாடி பின்னாலேயே தொடர்ந்து ஓடும். அதைச் சரிசெய்ய மற்ற இயந்திரத்தின் ரீலை அழுத்த வேண்டும். அப்போது இடைவெளி சுருங்கும், பள்ளங்கள் மேலே ஏறும், ஒரு கணம் இரண்டும் சரியாக ஒன்றின் மேல் ஒன்று அமரும். விரலை எடுக்காமல் அழுத்திக்கொண்டே இருந்தால்? பின்னால் இருந்தது முந்திவிடும். இடைவெளி மறுபக்கம் வளரத் தொடங்கும், பள்ளங்கள் மேலிருந்து திரும்ப இறங்கும்.

இந்த முந்தலுக்குத்தான் த்ரூ-ஜீரோ என்று பெயர். தாமதம் பூஜ்யத்தைத் தொட்டு, மறுபக்கம் போகிறது. டேப் ஃபிளேஞ்சிங்கின் உயிரே அந்த இடத்தில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து. மற்றதெல்லாம் அலங்காரம்.

இன்னொன்று. விரல் கட்டுப்படுத்துவது தாமதத்தை அல்ல, தாமதம் மாறும் வேகத்தை. அதோடு ரீலுக்கும் மோட்டாருக்கும் எடை உண்டு, அவை சட்டென்று திரும்பாது. அதனால் நகர்வு எப்போதும் வழுக்கிக்கொண்டு போவதாக, ஒவ்வொரு முறையும் சற்றே வேறாக இருக்கும்.

எல்லோரும் விரலையே நம்பவில்லை. 1966-ல் லண்டனில் ஆபி ரோடு ஸ்டுடியோவின் பொறியாளர் கென் டவுன்சென்ட், ஒரே குரலை இரண்டு முறை பாடிப் பதியும் வேலை பீட்டில்ஸ் குழுவின் ஜான் லெனனுக்குச் சலிப்பாக இருந்ததால், இரண்டாவது குரலை இயந்திரத்தாலேயே உண்டாக்கும் ஏற்பாடு ஒன்றைச் செய்தார். இரண்டாவது டேப் இயந்திரத்தின் மோட்டார் வேகத்தை ஓர் ஆசிலேட்டரின் (சீரான மின் அலையை உண்டாக்கும் கருவி) திருகால் மாற்றுவது அதன் அடிப்படை. தாமதத்தைச் சற்று அதிகமாக வைத்தால் இரண்டு பேர் பாடுவது போலிருக்கும். குறைத்துப் பூஜ்யத்தை நெருங்கினால் நாம் பேசும் ஃபிளேஞ்சிங்.

## பெடல்களால் ஏன் முந்த முடியாது?

1969-ல் பிலிப்ஸ் ஆய்வுக்கூடத்தில் சாங்ஸ்டர், டீர் இருவரும் பக்கெட் பிரிகேட் என்ற சிப்பை உருவாக்கினார்கள். ஒலி மின்சாரமாக ஒரு கொள்கலத்திலிருந்து அடுத்ததற்குக் கைமாறி, கடைசியில் தாமதமாக வெளியே வரும். எழுபதுகளின் நடுவில் வந்த ஃபிளேஞ்சர் பெடல்கள் இதை வைத்துத்தான் செய்யப்பட்டன. எலெக்ட்ரோ-ஹார்மோனிக்ஸ் நிறுவனத்தின் எலெக்ட்ரிக் மிஸ்ட்ரஸ் அவற்றில் ஒன்று.

பெடலுக்குள் கிட்டாரின் ஒலி இரண்டாகப் பிரியும். ஒரு பாதி நேராக வெளியே போகும், மறுபாதி சிப் வழியாகப் போகும். சிப் வழியாகப் போவதற்கு எப்போதும் கொஞ்சமாவது நேரம் ஆகும். எனவே தாமதம் பூஜ்யத்துக்கு வரவே வராது, நேர் ஒலியை முந்துவது என்ற பேச்சுக்கே இடமில்லை. குறைந்தபட்சத் தாமதம் 0.5 மில்லி வினாடி என்றால், நம் சூத்திரப்படி முதல் பள்ளம் 1000 ஹெர்ட்ஸ் வரை ஏறி அங்கேயே திரும்பிவிடும். ஏறுவது தெரியும், கரைவது வராது.

அதோடு பெடலில் தாமதத்தை ஆட்டுவது எல்எஃப்ஓ. காதுக்குக் கேட்காத அளவு மெதுவாக, ஒரே சீராக ஏறி இறங்கும் ஒரு மின் அலை அது. அதனால்தான் சுழற்சி கடிகாரம் போல் ஒழுங்காக இருக்கிறது. ஃபீட்பேக் என்பது வெளியே வந்த ஒலியில் ஒரு பகுதியைத் திரும்ப உள்ளே அனுப்புவது. அது மேடுகளைக் கூராக்கி உலோகக் குழாய்க்குள் பேசுவது போன்ற நிறத்தைத் தரும். இரண்டு டேப்பைக் கலக்கும் பழைய முறையில் ஃபீட்பேக் கிடையாது. பெடலின் சத்தத்தைக் குறைத்துச் சொல்லவில்லை. அது தனக்கென்று ஓர் அழகுள்ள வேறு வாத்தியம், அவ்வளவுதான்.

ஃபேசர், கோரஸ் என்ற இரண்டு எஃபெக்ட்டுகளையும் இதோடு போட்டுக் குழப்புவது வழக்கம். அறுபதுகளில் டேப் ஃபிளேஞ்சிங்கையே ஃபேசிங் என்றுதான் பலர் சொன்னார்கள், குழப்பத்தின் வேர் அங்கே. இன்று ஃபேசர் என்று விற்கப்படும் கருவி தாமதத்தையே பயன்படுத்துவதில்லை. வேறொரு மின்சுற்றால் ஒரு சில பள்ளங்களை மட்டும் உண்டாக்குகிறது, நான்கு அடுக்கு உள்ள கருவியில் இரண்டே இரண்டு. கோரஸில் தாமதம் உண்டு. ஆனால் அது பொதுவாக 15 முதல் 30 மில்லி வினாடி. அவ்வளவு தள்ளி வரும்போது பள்ளங்கள் தனியாகத் தெரியாமல், இரண்டு மூன்று பேர் சேர்ந்து வாசிப்பது போலத் தோன்றும்.

இதுவரை பார்த்ததை வைத்துச் சொன்னால், நமக்கு வேண்டியவை: சம அளவில் இரண்டு நகல்கள், பூஜ்யத்தைக் கடக்கும் தாமதம், கடிகாரம் போல ஆடாத நகர்வு, ஃபீட்பேக் வேண்டாம். சரி, செய்து பார்க்கலாம்.

## முதல் பயிற்சி: அசையாத சீப்பு

இருபது வினாடி ஒலித்துண்டு ஒன்றை எடுங்கள். எதை எடுக்கிறீர்கள் என்பது முக்கியம். சீப்பு வெட்டுவதற்கு அதிர்வெண்கள் நிறைய இருக்க வேண்டும். சிம்பல் கலந்த டிரம்ஸ், வேகமாக மீட்டிய கிட்டார், முழுப் பாட்டின் மிக்ஸ் எல்லாம் நல்லது. வாத்தியங்களில் தம்புரா அருமையான தேர்வு, அதில் ஸ்வரங்களின் மேலடுக்குகள் அவ்வளவு அடர்த்தி. தனிப் புல்லாங்குழலில் போட்டால் ஏமாற்றம்தான், வெட்ட அங்கே அதிகம் இல்லை.

துண்டை ஒரே ஃபைலாக ஆக்கி, ஆடாசிட்டியிலோ ரீப்பரிலோ கையில் உள்ள எந்த மென்பொருளிலோ இரண்டு டிராக்கில் வையுங்கள். இரண்டையும் 6 டெசிபெல் குறையுங்கள், இரண்டும் நடுவிலேயே இருக்கட்டும். இப்போது ஒன்றின் போலாரிட்டியைத் திருப்புங்கள், அதாவது அலையின் மேட்டைப் பள்ளமாகவும் பள்ளத்தை மேடாகவும் மாற்றும் பொத்தான். முழு அமைதி வர வேண்டும். வரவில்லை என்றால் இரண்டு டிராக்கும் ஒன்றாக இல்லை. ஏதோ ஒரு பிளக்இன் தாமதம் சேர்க்கிறது, அல்லது அளவு வேறாக இருக்கிறது. அதைக் கண்டுபிடித்த பிறகே மேலே போங்கள். பூஜ்யம் பூஜ்யமாக இல்லாவிட்டால் பின்னால் எதுவும் சரியாக வராது.

அமைதி வந்ததும் போலாரிட்டியைப் பழையபடி வைத்து, இரண்டாவது டிராக்கை காலக்கோட்டில் 1 மில்லி வினாடி வலப்பக்கம் நகர்த்துங்கள். பதிவு வினாடிக்கு 48,000 சாம்பிள் (ஒலியை அளந்தெடுத்த புள்ளி) என்றால் அது 48 சாம்பிள். குழாய்க்குள் கேட்பது போல ஆகும். 5 மில்லி வினாடிக்குப் போங்கள், நிறம் மாறும். 10 சாம்பிளுக்கு வாருங்கள், மேல் ஸ்தாயி மட்டும் உறிஞ்சப்பட்டது போலிருக்கும். ஒவ்வொரு தாமதத்தின் நிறத்தையும் காது அடையாளம் கண்டுகொள்ளும் வரை இங்கேயே இருங்கள்.

அளவு சமமாக இருக்க வேண்டும் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. இரண்டுக்கும் நடுவே வெறும் 1 டெசிபெல் வித்தியாசம் வந்தாலே பள்ளம் (உரத்த நகலின் தனி அளவோடு ஒப்பிட்டால்) சுமார் 19 டெசிபெல் ஆழத்தோடு நின்றுவிடும். 6 டெசிபெல் வித்தியாசம் என்றால் பள்ளமும் 6 டெசிபெல்தான், பேருக்கு ஒரு சீப்பு.

## இரண்டாவது: பிளக்இன் இல்லாத டேப்

இது எனக்கு மிகவும் பிடித்த முறை. இரண்டு டேப் இயந்திரங்கள் செய்ததை அப்படியே செய்கிறது, எந்த எஃபெக்ட்டும் வேண்டாம்.

இரண்டாவது டிராக்கின் வேகத்தை 0.1 சதவீதம் குறையுங்கள். ஒவ்வொரு வினாடிக்கும் அது 1 மில்லி வினாடி பின்தங்கும். அடுத்து, அந்த டிராக்கையே 4 மில்லி வினாடி முன்னால் நகர்த்திவிடுங்கள். இப்போது தொடக்கத்தில் அது 4 மில்லி வினாடி முந்தி நிற்கிறது. ஒவ்வொரு வினாடியும் ஒரு மில்லி வினாடியை இழக்கிறது. 4-ஆவது வினாடியில் இரண்டும் ஒன்றாகின்றன. அதைத் தாண்டி 8-ஆவது வினாடியில் அது 4 மில்லி வினாடி பின்னால் இருக்கிறது. முந்தியிருந்தது பின்தங்கியாயிற்று, பூஜ்யம் கடந்தாயிற்று. சுருதி மாறுமே என்று கவலை வேண்டாம். 0.1 சதவீதம் என்பது ஓர் அரை ஸ்வரத்தின் 100 பங்கில் 2 பங்குகூட இல்லை.

ஒரே ஒரு எச்சரிக்கை. வேகத்தோடு சுருதியும் சேர்ந்து மாறும் வசதியைத்தான் பயன்படுத்த வேண்டும். ரீப்பரில் துண்டின் வேகத்தை 0.999 ஆக்கி, சுருதியைக் காக்கும் தேர்வை எடுத்துவிடுங்கள். ஆடாசிட்டியில் டெம்போவை மட்டும் மாற்றும் எஃபெக்ட் வேண்டாம், வேகத்தை மாற்றுவது வேண்டும். சுருதியைக் காப்பவை ஒலியைத் துண்டு துண்டாக நறுக்கி ஒட்டுகின்றன. தாமதம் அங்கே வழுக்காது, குதிக்கும்.

போட்டுக் கேட்டால் ஒன்றைக் கவனிப்பீர்கள். முதல் 3 வினாடியில் பெரிதாக ஒன்றும் நடப்பதில்லை, கடைசி ஒரு வினாடியில் எல்லாம் நடந்துவிடுகிறது. கணக்கு அப்படி. தாமதம் 4-இலிருந்து 1-க்கு வரும் மூன்று வினாடியில் முதல் பள்ளம் 125 ஹெர்ட்ஸிலிருந்து 500-க்குத்தான் போகிறது. மிச்சமுள்ள ஒரு வினாடியில் 500-இலிருந்து 20,000 வரை பறக்கிறது. ரசம் முழுக்க அந்தக் கடைசி மில்லி வினாடிக்குள்தான். எனவே தொடக்க இடைவெளியை 1.5 மில்லி வினாடிக்குக் குறைத்து, வேகத்தை 0.03 சதவீதம் மட்டும் மாற்றிப் பாருங்கள். கடக்க 5 வினாடி ஆகும், ஏற்றம் நின்று நிதானமாகக் கேட்கும். எண்களை மாற்றி மாற்றிப் பார்ப்பதுதான் இதில் கற்றுக்கொள்ளும் வழி.

## மூன்றாவது: கையால் ஓட்டுவது

மேலே உள்ளது ஒரே நேர்கோட்டில் போகும். விரலின் தயக்கம் அதில் இல்லை. அதற்கு, வேகத்தைத் தொடாத இரண்டு நகல்கள், ஒவ்வொன்றிலும் ஒரே டிலே பிளக்இன், அதாவது ஒலியைத் தாமதப்படுத்துவது. இரண்டிலும் ஃபீட்பேக் பூஜ்யம், நேர் ஒலி வேண்டாம், தாமதித்த ஒலி மட்டும். முதல் டிராக்கில் தாமதத்தை 5 மில்லி வினாடியில் நிலையாக வைத்துவிடுங்கள். இரண்டாவதில் 0 முதல் 10 வரை நீங்கள் நகர்த்தலாம். 5-ஐத் தொடும்போது பூஜ்யம், அதற்குக் கீழே போனால் முந்தல். பெடலில் முடியாதது இங்கே முடிகிறதற்குக் காரணம் இதுதான்: நேர் ஒலியையும் கொஞ்சம் தாமதப்படுத்திவிட்டோம், அதனால் முந்துவதற்கு இடம் கிடைத்தது.

எந்த டிலே பிளக்இன் ஆனாலும் சரி என்று எடுத்துவிட முடியாது. தாமதத்தை 1 மில்லி வினாடிப் படிகளாக மட்டும் மாற்றுபவை வேண்டாம், நமக்கு வேண்டிய நுணுக்கம் நூறில் ஒரு பங்கு. மதிப்பை மாற்றும்போது டேப் போல வழுக்கும் முறை இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். சில பிளக்இன்கள் பழைய தாமதத்திலிருந்து புதியதற்கு மங்கி மாறும், அவற்றில் ‘ஷூ’ வராது.

அப்புறம் ஆட்டோமேஷனைப் பதிவு நிலையில் வைத்துவிட்டு, பாட்டை ஓடவிட்டு, மவுஸாலோ மிடி கருவியின் திருகாலோ நீங்களே நகர்த்துங்கள். ஆட்டோமேஷன் என்பது உங்கள் கை அசைவை மென்பொருள் நினைவில் வைத்துத் திரும்பச் செய்வது. 4-க்கும் 6-க்கும் நடுவே மெதுவாகப் போங்கள், அதற்கு வெளியே வேகமாகப் போனாலும் பரவாயில்லை. பூஜ்யத்துக்கு அருகே ஒரு கணம் தயங்கி, பிறகு கடந்து செல்லுங்கள். வினாடிக்கு 5 மில்லி வினாடி என்ற வேகத்தில் நகர்த்தினால் அந்த நகலின் சுருதி அரை சதவீதம் அசையும், காதுக்கு லேசாகத் தெரியும். அது குறை இல்லை. டேப்பிலும் அப்படித்தான்.

பூஜ்யத்தைக் கடக்கும்போது ஒலி கொஞ்சம் பெரிதாகும். இரண்டு நகல்களும் முழுமையாகச் சேர்வதால் மற்ற நேரத்தைவிடச் சுமார் 3 டெசிபெல் கூடுதலாக இருக்கும். கம்ப்ரஸரால் (உரத்த இடங்களைத் தணிக்கும் எஃபெக்ட்) அதை அமுக்கிவிடாதீர்கள், அந்த எழுச்சியும் எஃபெக்ட்டின் பாகம். போலாரிட்டியைத் திருப்பி வைத்துச் செய்தால் நேரெதிர்: கடக்கும் இடத்தில் ஒலி உறிஞ்சப்பட்டு ஒரு கணம் அமைதியாகும். கடக்கும் முன்பே பாஸ் மெலிந்துவிடும். பாட்டில் ஒரு நிறுத்தம் வேண்டிய இடத்துக்கு அது பொருத்தம்.

டேப்பின் ஒலியைப் போலச் செய்யும் பிளக்இன் வேண்டுமென்றால் நகலெடுப்பதற்கு முன்னால் போடுங்கள். ஒரு டிராக்கில் மட்டும் போட்டால் அதன் தாமதமும் ஃபேஸ் (அலை சுற்றில் நிற்கும் நிலை) மாற்றமும் பூஜ்யத்தைக் கெடுத்துவிடும்.

## எங்கே, எவ்வளவு?

இரண்டு நகல்களையும் இடம் வலமாகப் பிரித்துவைப்பது தொடக்கக்காரர்கள் நிறையப் பேர் செய்வது. அப்படிச் செய்தால் அவை மின்னளவில் கலப்பதில்லை, பள்ளங்கள் உருவாவதில்லை. ஒலி பக்கவாட்டில் நகர்வது போலத் தோன்றும், அவ்வளவே. முதலில் நடுவில் கலந்து பள்ளங்களை உண்டாக்கிவிட்டு, பிறகு அந்த முடிவை இடம் வலமாக நகர்த்தலாம். 1967-ல் அதே ஒலிம்பிக் ஸ்டுடியோவில் பொறியாளர் எட்டி கிரேமர் கிட்டார் கலைஞர் ஜிமி ஹென்ட்ரிக்ஸின் ‘ஆக்சிஸ்: போல்ட் ஆஸ் லவ்’ ஆல்பத்துக்காக இந்த எஃபெக்ட்டை ஸ்டீரியோவில் கொண்டுவந்தார். அந்தப் பதிவை இயர்போனில் கேட்டால் வித்தியாசம் புரியும்.

பாட்டு முழுக்கப் போடுவதைவிட ஓர் இடத்துக்கு வைத்துக்கொள்வது நல்லது என்பேன். கடக்கும் கணம் எந்தத் தாளத்தில் விழ வேண்டும் என்று முதலில் முடிவு செய்யுங்கள். டெம்போ 120 (நிமிடத்துக்கு 120 தட்டு) என்றால் ஒரு தட்டு அரை வினாடி, நான்கு தட்டு கொண்ட இரண்டு பார் சேர்ந்தால் 4 வினாடி. டிரம்ஸ் உருளலின் முடிவில் சிம்பல் விழும் இடத்துக்கு இரண்டு பார் முன்னதாகத் தொடங்கி, இரண்டாவது முறையில் சொன்ன 4 மில்லி வினாடியும் 0.1 சதவீதமும் வைத்தால், பூஜ்யம் சரியாக அந்தச் சிம்பலில் விழும். சிம்பலின் ஒலி இறங்கி மறையும்போது பள்ளங்களும் சேர்ந்து இறங்கும். இரண்டாவது டிராக்கைச் சட்டென்று வெட்டாமல், அடுத்த பாருக்குள் மெதுவாக மங்கவிட்டு, அதே நேரத்தில் முதல் டிராக்கின் அளவை 6 டெசிபெல் ஏற்றிப் பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிடுங்கள். இல்லாவிட்டால் எஃபெக்ட் முடிந்த இடத்தில் பாட்டு திடீரென்று சின்னதாகிவிட்டது போலக் கேட்கும்.